நீலம் போட்ட சட்டை

“சாவியக் குடு புள்ள. பெட்டி மூடுற நேரத்துல தேடிக்கிட்டு நிக்க ஏலாது.”

பெரியப்பா இராமசாமி நீட்டிய கையை மடக்காமல் நின்றார். அலுமாரிச் சாவி சுகந்தினியின் உள்ளங்கைக்குள் இருந்தது. அவள் கொடுக்கவும் இல்லை, தரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. தேத்தண்ணித் தட்டை மறு கையில் தூக்கிக்கொண்டு, கேட்காதவள்போல முன்னறைக்குப் போனாள்.

அம்மா பெட்டிக்குள் கிடந்தாள். எஹலியகொட டவுன் மலர்ச்சாலையில் முகத்துக்குப் பவுடர் பூசி, உதட்டுக்குச் சாயம் தடவி அனுப்பியிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அன்னலட்சுமியின் முகத்தில் பட்டதெல்லாம் வெயிலும் மழையும் சிதறிய ரப்பர் பாலுந்தான். முந்தாநாள் பால் வெட்டப் போனவள், தன் பங்கு மரங்களில் பாதியை வெட்டிவிட்டு ஒரு மரத்தடியில் குந்தினாள், எழும்பவில்லை. நெஞ்சு வலி என்றார்கள். அவள் வெட்டிய மரங்களில் பால் அதன் பாட்டுக்கு வடிந்து சிரட்டைகள் நிறைந்தன. எடுக்க ஆள் இல்லாமல் உறைந்தும் போயின. அந்தக் கட்டிப்பாலையும் விடாமல் அடுத்த நாள் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார்களாம். பக்கத்து வீட்டு விஜயகலா இதைச் சொல்லி அழுதாள். சுகந்தினிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்த அன்றைக்கும் அரைப்பேர், அரைநாள் வேலை வாங்கிவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். வாசலில் சாய்த்து வைத்திருந்த தோட்டத்து மலர்வளையத்தைக் காலால் எத்திவிட வேண்டும்போல இருந்தது.

பெரியப்பா கேட்பது தம்பி விதுர்ஷனின் சட்டையை.

விதுர்ஷன் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தவன். சில வருஷங்களுக்கு முன், வெசாக் வரும் மே மாத மழையில், அவர்கள் இருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த பட்டியில் மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று வெறும் மேலோடு ஓடினான். மலை இறங்கியது. மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று லயத்து ஆட்கள் முன்னரே போய்ச் சொன்னபோது தோட்டத்து ஒப்பீஸ் வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்பியவர்கள், மலை இறங்கிய பிறகு குடை பிடித்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். ஆமிக்காரர்கள் வந்தார்கள். பெக்கோ மெஷின் வந்து தோண்டியது. மாடு கிடைத்தது. மாட்டின் கழுத்துக் கயிறுகூடக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. மழை திரும்பவும் பிடித்தது. இனித் தோண்டினால் மிச்சமும் சரியும் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கென்று அம்மா துவைத்து, நீலம் போட்டு, லயத்து இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டை மட்டும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு எட்டாம் நாளும் செய்யவில்லை, கருமாதியும் செய்யவில்லை. படத்துக்கு மாலை போட அம்மா விடவில்லை. லயத்தை விட்டு இந்தப் புது வீட்டுக்கு வந்த பிறகும், அப்பாவின் மாரியம்மன் படத்துக்குக் கீழே அவன் படம் வெறும் கழுத்தோடுதான் தொங்கியது. அதற்குள் அம்மா கிறிஸ்தவச் சபைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். சபை என்றால் கோயில் மாதிரி ஒன்றும் இல்லை. கீழ்ப் பிரிவில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு, பத்துப் பதினைந்து பெண்கள், ஒரு தம்பூரின்.

காலையிலேயே கூடாரத்துக்குள் பெரியப்பா பேச்சை எடுத்துவிட்டார்.

“பொணம் இல்லாம என்னத்தப் பொதைக்கிறதுன்னு அன்னைக்கி எல்லார் வாயையும் அடைச்சா. சரி, போவட்டும். இன்னைக்கி ஆத்தாளே போறா. அவ மடியில புள்ள சட்டைய வெச்சு ரெண்டு பேரையும் ஒரே குழியில எறக்கிருவோம். எங்க தோட்டத்துல, குவைத்துல செத்துப்போன பொம்பளைக்கி சீலைய வெச்சுத்தான் செஞ்சாங்க. அலையுற உசுரு ஒரு எடத்துல அடங்கணும்ல.”

“பாஸ்டர் ஒத்துக்குவாரா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அவரு அவரு ஜெபத்தப் பண்ணட்டும். நம்ம நம்ம வேலையப் பாப்போம். சட்டைக்குமா ஞானஸ்நானம் குடுத்திருக்காங்க?”

ரெண்டொருவர் சிரித்தார்கள். அப்பா நடராஜா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “எனக்குப் போய் நிக்க ஒரு எடம் வேணும்ணே” என்றார். “அந்த மலைப் பக்கம் போர்டு அடிச்சு வெச்சிருக்கான், போக விடமாட்டேங்கிறான். நான் எங்க போய் அழுறது?”

சட்டையைப் புதைத்துவிடலாம் என்று இந்த வீட்டில் முதன்முதலில் சொன்னவளே சுகந்தினிதான்.

பெலிஹுல்ஓயா கம்பஸில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த காலம். லீவுக்கு வந்திருந்தாள். அம்மா நல்ல வெயில் நாளில் அந்தச் சட்டையை எடுத்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். அழுக்கே படாத சட்டையை ஒவ்வொரு கிழமையும் துவைப்பது. காயவைப்பது. மடித்து வைப்பது. சுகந்தினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“அம்மா, அவன் செத்துட்டான். விளங்குதா? இந்நேரம் மக்கிப் போயிருப்பான். எந்திரிச்சு வரமாட்டான். சட்டையப் பொதைச்சிட்டு நிம்மதியா இருங்க. அந்தத் தகரக் கொட்டகையில ஒங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கிறாங்க?”

அம்மா வாளித் தண்ணீரில் நீலத்தை விட்டுக் கையால் கலக்கினாள். சட்டையை முக்கி எடுத்தாள். அன்று இரவு சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வேதப் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். “பாப்பா, இதுல ஒரு பக்கத்த மட்டும் வாசிச்சிக் காட்டேன். சபையில வேகமா வாசிச்சிட்டுப் போயிர்றாங்க.”

“நான் படிச்சது இதுக்கா? ஒங்க பாஸ்டர்கிட்டயே கேளுங்க.”

அம்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவள். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. சுகந்தினி பட்டம் வாங்கினாள், கொழும்பில் வேலைக்குப் போனாள், மாதத்துக்கு ஒருமுறை வந்தாள், சில மாதம் வராமலும் விட்டாள். சட்டையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இந்த ஊர் மழைக்கு அவளுடைய பட்டச் சான்றிதழிலேயே பூஞ்சணம் பிடித்துவிட்டது. சட்டையில் ஒரு புள்ளி விழவில்லை.

பாஸ்டர் கஜேந்திரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இதே தோட்டத்தில் பிறந்தவர்தான். சுகந்தினிக்கு ரெண்டு வகுப்பு மேலே படித்து, பாதியில் விட்டவர். இவரிடமா அம்மா போய் அழுதாள் என்று அவளுக்கு எப்போதும் ஒரு கோபம். நேரே போய்க் கேட்டாள்.

“சட்டைய வைக்கப் போறாங்களாம். நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் என்ன சொல்றது தங்கச்சி?”

“அது பாவம், விக்கிரக ஆராதனை, அப்பிடி ஏதாச்சும் சொல்லுவீங்கதானே.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நடராஜா மாமாவுக்கு அழ ஒரு எடம் வேணும்னா அதுல என்ன பாவம்? ஆனா மாமி அத எதுக்கு வெச்சிருந்தாங்கன்னு கேட்டுட்டு செய்ங்க.”

“செத்தவங்ககிட்டயா கேக்கிறது?”

“எனக்குத் தெரிஞ்சா சொல்லிருவேன். எங்கிட்ட அவங்க சொன்னதில்ல” என்றார். அவர் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை பிடிக்கவாவது ஆள் வேண்டும் இல்லையா.

பின்பக்கம் குசினி வாசலில் டவுனில் இருந்து வந்த பாஹிமா தாத்தா உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர். முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள், டவுனே அவரை அப்படித்தான் கூப்பிடும். விதுர்ஷனின் பள்ளிக்கூடச் சட்டைகளெல்லாம் அவர் தைத்தவை. சுகந்தினி தேத்தண்ணியை நீட்டினாள். பாஹிமா தாத்தா கோப்பையை வாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கட உம்மா நல்ல கள்ளி, மகள்.”

சுகந்தினி நிமிர்ந்து பார்த்தாள்.

“கோவிக்க வேணாம். மாசா மாசம் அந்த வெள்ளச் சட்டயத் தூக்கிக்கொண்டு வருவா. பொத்தான் கழண்டிட்டு, தச்சித் தாங்க ன்டுவா. மூணாவது பொத்தான். எப்பவும் அதே பொத்தான். நான் தச்ச பொத்தான் கழருமா? எனக்கே சந்தேகம் வந்திட்டு. பொறகுதான் பிடிச்சேன். பஸ்ஸுக்குள்ள இருந்துகொண்டு பல்லால கடிச்சிக் கடிச்சி நூல அத்துக்கொண்டு வந்தீக்கா!”

“எதுக்கு?”

“நான் தைக்கிற நேரம் வாசிச்சிக் காட்டச் செல்லத்தான். சீலைக்குள்ள சுத்திப் புத்தகம் கொண்டு வருவா. ஒரே பக்கம். அடையாளத்துக்கு ரப்பர் எலை ஒண்டு வெச்சீக்கும்.” பாஹிமா தாத்தா குரலைத் தாழ்த்தினார். “எங்கட மார்க்கத்துல இந்தக் கதை வேற மாதிரி. அவர சிலுவையில அறைஞ்சதா நாங்க நம்புறல்ல. அத மறைக்காமச் சென்னேன். ‘நீங்க நம்ப வேணாம் தங்கச்சி, வாசிங்க போதும்’ ன்டா.”

உள்ளே பெண்கள் பாடத் தொடங்கியிருந்தார்கள். தம்பூரின் மெதுவாகக் குலுங்கியது.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் சுகந்தினி.

“அவர அறையிற எடத்துல அழமாட்டா. பெத்தவ காலடியில நிண்டா ன்டு வரும். அங்க மட்டும் ஒரு மூச்சு விடுவா. ‘அவளுக்கு நிக்கவாச்சும் எடம் கெடைச்சிச்சி’ ன்டுவா. பொறகு ஞாயித்துக்கெழம விடியாத நேரம். ஒரு பொம்புள அவர அடக்குன கபுறடிக்குப் போறா. நாங்களும் அந்த நேரந்தான் மரத்தடிக்குப் போவோம் ன்டு சிரிப்பா. உள்ள பாத்தா மய்யத்து இல்ல. சுத்தியிருந்த துணி மட்டும் கெடக்கு. எங்க வெச்சாங்கன்டு தெரியாதே ன்டு அந்தப் பொம்புள அழுவா. அந்த எடத்துல ஒங்கட உம்மா கையக் காட்டி நிப்பாட்டுவா. ‘பாத்தீங்களா, பொணம் கெடைக்காம அழுதவளுக்குத்தான் மொதல்ல தன்னக் காட்டுனாரு.’ மாசா மாசம் புதுசாக் கேக்குற மாதிரி.”

சுகந்தினி குசினிப் படியில் உட்கார்ந்தாள்.

“ஒரு நாள் நானும் மனசு கேக்காமக் கேட்டேன். மகன் திரும்பி வருவான்டா நெனைக்கிறீங்க ன்டு. என்னப் பாத்த பார்வை! ‘எனக்கென்ன பைத்தியமா தங்கச்சி? அவன் செத்துட்டான்னு பெத்தவளுக்குத் தெரியாதா? எல்லாரும் எந்திரிக்கிற அன்னைக்கி அவனும் எந்திரிப்பான். போன நேரம் வெறும் மேலோட போனான். பதினாறு வயசுப் பய, அத்தன சனத்துக்கு முன்னால நிக்க வெக்கப்படுவான். போட ஒரு சட்ட வேணும்ல?’ ன்டா.”

பாஹிமா தாத்தா சிரிக்கப் போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்து, “நான் செல்லிப் பாத்தேன், மகள் பட்டதாரிதானே, அவவ வாசிக்கச் செல்லுங்க ன்டு” என்றார். “‘அவளுக்கு வாசிக்க நெறையக் கெடக்கு, பாவம்’ ன்டுட்டா.”

தேத்தண்ணி ஆடை கட்டிப்போயிருந்தது. சுகந்தினி அதை வடிகானில் ஊற்றினாள். கோப்பையைக் கழுவினாள். கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினாள். அவன் செத்துட்டான், விளங்குதா? யாருக்கு விளங்கவில்லை?

மலர்ச்சாலையில் இருந்து வந்த ஆள் முன்னறை வாசலில் நின்று, “வஹன்னத நங்கி?” என்று மூடலாமா என்பதைச் சிங்களத்தில் கேட்டான்.

“பொட்டக் இன்ன ஐயே” என்றாள், கொஞ்சம் பொறுக்கச் சொல்லி.

பெரியப்பா எழுந்தார். அதற்கு முன் அப்பா எழுந்துவிட்டார். அவர் அவளிடம் சாவியைக் கேட்கவில்லை. “நீயே எடுத்தாம்மா” என்றார். கையை நீட்டக்கூட இல்லை. ரெண்டு கையும் பக்கத்தில் தொங்கின.

சொல்ல வேண்டியதெல்லாம் அவளுக்கு வாயில் இருந்தது. இது அம்மாவுடைய சட்டை, அம்மா வைத்திருந்தது புதைக்க இல்லை, பெரியப்பா உங்கள் வேலையைப் பாருங்கள். கம்பஸ் வகுப்பில் எத்தனை பேரை இப்படி வாயடைக்கச் செய்திருக்கிறாள். அப்பாவின் தொங்குகிற கைகளைப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள்.

சட்டை மேல்தட்டில், ஒரு துவாய்க்குள் மடித்திருந்தது. மூன்றாவது பொத்தானைச் சுற்றி நூல் மொத்தமாய்த் தடித்திருந்தது. ஒரு குருவிக்கூடு மாதிரி. பக்கத்தில் வேதப் புத்தகம். அதைத் தொடாமல் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள்.

அப்பா வாங்கினார். முகத்துக்குக் கொண்டுபோனார். எல்லோரும் அவர் அழப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவர் அழவில்லை. சட்டையைத் தாழ்த்தி, காலரைப் பிரித்து, பெருவிரலால் மடிப்பின் உள்ளே தடவிப் பார்த்தார். ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கட்டிடத்தில் அவருக்கு வேலை. காய்ந்ததா காயவில்லையா என்று கை வைத்தே சொல்லிவிடுவார்.

“ஈரமா இருக்கு” என்றார்.

காலரைப் புரட்டி மறுபக்கமும் தடவினார்.

“போறதுக்கு முந்தின நாள் தொவைச்சிருக்கா. அன்னைக்கி அந்தியில மழ வந்திச்சில்ல, அரகொறையில எடுத்து வெச்சிட்டா போல. வெட்டு முடிச்சு வந்து திரும்பக் காயப் போட்டிருப்பா.” தோள்பட்டைத் தையலையும் தடவினார். “இங்கயும் காயல.”

“அதுக்கென்னடா?” என்றார் பெரியப்பா. “மண்ணுக்குள்ளதானே போவுது.”

அப்பா அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். “ஈரத்தோட வெச்சா பூஞ்சணம் புடிச்சிரும்ணே.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்தார். பவுடர் பூசிய அந்த முகத்தை இவள் யார் என்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையை சுகந்தினியிடம் திருப்பிக் கொடுத்தார்.

“காய வெச்சு எடு.”

அவள் மலர்ச்சாலை ஆளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சுடலைக்குப் போகும் வழியெல்லாம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து முடித்துச் செம்புநிறத்தில் துளிர் விட்டிருந்தன. அடுத்த கிழமை பெரிய வெள்ளி. பாஸ்டர் கஜேந்திரன் அதிகம் பேசவில்லை. அறையப்பட்டவர் எழுந்தார், அவரை நம்பிப் படுத்தவளும் எழுவாள் என்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சேதி சொல்வதுபோலச் சொன்னார். முன்பென்றால் சுகந்தினி முகத்தைத் திருப்பியிருப்பாள். இன்று அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை, தட்டிவிடவும் முடியவில்லை. மண் போடும் நேரம் வந்தது. மலை இறங்கிய நாள் முதல் அம்மா யார் சாவுக்குப் போனாலும் குழிக்குள் மண் போட்டதில்லை, ஒதுங்கி நின்றுவிடுவாள். சுகந்தினி ஒரு பிடி எடுத்தாள். கட்டியாக இருந்தது. சத்தம் கேட்காமல் விழட்டும் என்று விரல்களுக்குள் பொடியாக்கிப் பொடியாக்கி விட்டாள். பின்னால் வரிசை காத்திருந்தது.

திரும்பி வந்து, வாசல் பீலியில் எல்லோரும் கால் கழுவினார்கள். பெரியப்பா கூடாரக்காரனோடு ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இருந்தது.

சுகந்தினி சட்டையைக் கொண்டுபோய் நன்றாக உதறினாள். கொல்லைப்பக்கக் கம்பியில் எப்படிப் போடுவதென்று ஒரு கணம் தெரியாமல் நின்றாள். அம்மா எப்படிப் போடுவாள் என்று அவள் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை. காலரில் மாட்டினால் தோள் காயாது. ஒரு கையைக் கம்பியோடு நீட்டி, மணிக்கட்டில் ஒரு கிளிப் போட்டாள். மறு கையை அந்தப் பக்கம் இழுத்து இன்னொன்று.

அப்பா கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். வாடகைக் கதிரை, எண்ணி எடுக்க ஆள் நிற்கிறான் என்றும் பார்க்கவில்லை. கம்பிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மேற்கே மலைக்கு மேல் மேகத்தைப் பார்த்தார்.

“மழ வந்தா எடுக்கணும்” என்றார்.

“நான் இருக்கேன்ப்பா.”

கீழே ரப்பர் தோட்டத்தில் இருந்து காற்று வந்தது. முதலில் சட்டையின் வால் அசைந்தது. பிறகு காற்று உள்ளே நுழைந்து, நெஞ்சுப் பக்கம் மெதுவாக உப்பி நின்றது.